உதுமானியப் பேரரசு போருக்குப் போர் நிலம் இழந்த வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1683இல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் மதிலுக்கு வெளியே கூடாரம் அடித்திருந்த உதுமானிய (ஒட்டோமான்) பேரரசு, 1923இல் அனத்தோலியாவும் இஸ்தான்புல்லைச் சுற்றிய ஐரோப்பியத் துண்டும் கொண்ட துருக்கிக் குடியரசுக்கு இடம்விட்டு மறைந்தது. இடையில் 240 ஆண்டுகள். இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்களிடம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுக்கு விடை எழுதியிருக்கிறேன். போர்க்களத்தில் தோற்றது இந்த வரலாற்றில் பாதிதான். போருக்குப் பணம் திரட்டிய விதமும், உதவிக்கு வந்தவர்கள் பிற்பாடு கேட்ட விலையும் மீதிப் பாதி. அந்த இரண்டாம் பாதியைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அதனால் நான் அதற்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன்.

உச்சத்தில் இருந்தபோது அது எவ்வளவு பெரியது?

பதினேழாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வடக்கே இன்றைய உக்ரைனில் உள்ள பொடோலியா, மேற்கே அல்ஜீரியா, கிழக்கே பாஸ்ரா, தெற்கே மக்காவும் மதீனாவும் என விரிந்திருந்தது. ஹங்கேரியின் புடா நகரில் பாஷா என்ற பட்டம் கொண்ட உதுமானிய ஆளுநர் ஒருவர் அமர்ந்து ஆண்டார். இன்றைய கணக்கில் ருமேனியா, செர்பியா, பல்கேரியா, கிரீஸ், அல்பேனியா, சிரியா, லெபனான், இராக், எகிப்து, லிபியா, துனிசியா எல்லாம் நேரடியாகவோ கப்பம் கட்டியோ சுல்தானுக்கு உட்பட்டிருந்தன. கருங்கடலில் சுல்தானின் இசைவின்றி அந்நியக் கப்பல் எதுவும் நுழைய முடியாது.

சரிவு எந்தப் போரில் தொடங்கியது?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை வியன்னா. 1683 கோடையில் தலைமை அமைச்சர் காரா முஸ்தஃபா பாஷா அந்நகரை இரண்டு மாதம் முற்றுகையிட்டார். செப்டம்பர் 12 அன்று போலந்து மன்னர் ஜான் சோபியெஸ்கி தலைமையில் வந்த படை முற்றுகையை உடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுல்தானின் ஆணைப்படி பெல்கிரேடில் காரா முஸ்தஃபாவின் கழுத்து நெரிக்கப்பட்டது.

ஆனால் வியன்னா உதுமானியருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அன்று தோற்றதால் உடனடியாக மாகாணங்கள் போய்விடவில்லை. உண்மையான கேடு அதன் பிறகு வந்தது. ஆஸ்திரியா, போலந்து, வெனிஸ் மூன்றும் 1684இல் கூட்டணி அமைத்தன. 1686இல் ரஷ்யாவும் சேர்ந்துகொண்டது. ஒரே நேரத்தில் நான்கு முனைகளில், பதினாறு ஆண்டுகள் ஓயாமல் போரிட வேண்டியிருந்தது. 1541 முதல் கையில் இருந்த புடா 1686இல் போனது. 1697 செப்டம்பரில் ஜென்டா என்ற இடத்தில் உதுமானியப் படை திஸா ஆற்றைக் கடந்துகொண்டிருந்தபோது ஆஸ்திரியத் தளபதியான சவாய் இளவரசர் யூஜின் பின்னாலிருந்து தாக்கினார். பாதிப் படை இந்தக் கரையில், பாதிப் படை அந்தக் கரையில். தலைமை அமைச்சர் களத்திலேயே கொல்லப்பட்டார். சுல்தான் இரண்டாம் முஸ்தஃபா எதிர்க்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1699 ஜனவரியில் கார்லோவிட்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. ஹங்கேரியின் பெரும்பகுதியும் டிரான்சில்வேனியாவும் ஆஸ்திரியாவுக்கு, பொடோலியா போலந்துக்கு, கிரேக்கத்தின் மொரியா தீபகற்பம் வெனிஸுக்கு. அதுவரை உடன்படிக்கையில் நிபந்தனை விதித்துப் பழகியவர்கள், முதன்முறையாகப் பெரும் நிலப்பரப்பை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தார்கள். தொடக்கம் எது என்று கேட்டால் நான் வியன்னாவைச் சொல்ல மாட்டேன், கார்லோவிட்ஸைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒரே இறங்குமுகம்தானா?

இல்லை. பல நூல்கள் அப்படி ஒரு தோற்றத்தைத் தந்துவிடுகின்றன. 1711இல் புரூத் ஆற்றங்கரையில் ரஷ்யப் பேரரசர் பீட்டரையே உதுமானியப் படை சுற்றி வளைத்தது. அசோவ் கோட்டையைத் திருப்பித் தந்துதான் அவர் தப்பினார். 1715இல் மொரியா மீட்கப்பட்டது. 1717இல் பெல்கிரேடு பறிபோனது, 1739இல் திரும்பக் கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் கொடுப்பதும் எடுப்பதுமாகவே எல்லை இருந்தது.

கெடுதல் செய்தது அதன் பிறகு கிடைத்த அமைதிதான் என்பது என் எண்ணம். 1739க்கும் 1768க்கும் இடையே ஐரோப்பிய எல்லையில் பெரிய போர் இல்லை. அந்த முப்பது ஆண்டுகளில்தான் பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா மூன்றும் தங்களுக்குள் போரிட்டுப் போரிட்டு பீரங்கியையும் காலாட்படைப் பயிற்சியையும் உணவு வழங்கல் ஏற்பாட்டையும் கூர்தீட்டிக்கொண்டன. உதுமானியப் படை பழைய வெற்றியின் நினைவிலேயே நின்றுவிட்டது.

கிரீமியாவை இழந்தது ஏன் அவ்வளவு பெரிய அடியாகக் கருதப்படுகிறது?

1768இல் போரை அறிவித்தவர் சுல்தான்தான். போலந்தில் ரஷ்யா தலையிட்டதும் எல்லையில் நடந்த அத்துமீறலும் காரணம். கோபத்துக்கு நியாயம் இருந்தது, படைக்கு ஆயத்தம் இல்லை. 1770இல் ருமியாந்த்செவ் தலைமையிலான ரஷ்யப் படை தன்னைவிடப் பல மடங்கு பெரிய உதுமானியப் படையைக் காகுலில் சிதறடித்தது. அதே கோடையில், பால்டிக் கடலிலிருந்து ஐரோப்பாவையே சுற்றிக்கொண்டு வந்த ரஷ்யக் கப்பற்படை செஷ்மே விரிகுடாவில் உதுமானியக் கப்பல்களை எரித்தது.

1774 ஜூலை 21 அன்று, இன்றைய பல்கேரியாவில் உள்ள குச்சுக் கைனார்ஜா என்ற சிற்றூரில் உடன்படிக்கை. அதன்படி, அதுவரை சுல்தானுக்கு உட்பட்டிருந்த கிரீமியக் கானரசு சுதந்திர நாடு. ஒன்பதே ஆண்டுகளில், 1783இல், பேரரசி கேத்தரின் அதை ரஷ்யாவுடன் இணைத்துக்கொண்டார்.

அடி பல இடங்களில் விழுந்தது. ஹங்கேரியில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். கிரீமியாவின் தாத்தாரியரோ முஸ்லிம்கள், சுல்தானின் போர்களில் முன்வரிசைக் குதிரைப்படையாக நின்றவர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு நாடு கிறிஸ்தவ அரசின் கைக்குப் போனது அந்த அரசவையால் தாங்க முடியாத செய்தி. கருங்கடலும் தனியுடைமையாக இல்லாமல் போனது, ரஷ்ய வணிகக் கப்பல்கள் நுழைந்தன. இஸ்தான்புல்லில் ஒரு தேவாலயம் தொடர்பாகக் கிடைத்த உரிமையைப் பிடித்துக்கொண்டு, சுல்தானின் ஆர்த்தடாக்ஸ் குடிமக்கள் அனைவருக்கும் தானே காப்பாளர் என்று ரஷ்யா பிற்காலத்தில் வாதிட்டது. ஒரு உடன்படிக்கையில் தளர்வாக எழுதப்பட்ட ஒரு சொற்றொடர் அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் போர் தொடுக்க ஏதுவாயிற்று. போதாக்குறைக்கு 45 லட்சம் ரூபிள் இழப்பீடு வேறு.

போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

பழைய முறையின் பெயர் தீமார். ஓர் ஊரின் வரி வருவாயைக் குதிரைவீரன் ஒருவனுக்கு ஒதுக்கிவிடுவார்கள். சிபாஹி என்று அழைக்கப்பட்ட அவன் அதில் வாழ்ந்துகொண்டு, போர் வந்தால் குதிரையோடும் ஆட்களோடும் வந்து நிற்க வேண்டும். கருவூலத்திலிருந்து காசு போகாது. துப்பாக்கி ஏந்திய காலாட்படைதான் போரை முடிவு செய்கிறது என்ற காலம் வந்ததும் இந்த முறை உதவாமல் போனது. காலாட்படைக்கு மாதச் சம்பளம் வேண்டும், அதுவும் ரொக்கமாக.

ரொக்கத்துக்காக வரி வசூலை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் முன்பணம் கட்டிவிட்டு, குடியானவனிடம் கறந்துகொள்வார். வியன்னாவுக்குப் பிந்தைய போர் உச்சத்தில் இருந்தபோது, 1695இல், இந்தக் குத்தகையை ஆயுட்காலத்துக்கே விற்கத் தொடங்கினார்கள். மாலிகானே என்று பெயர். பெருந்தொகை ஒன்று உடனே கையில் கிடைக்கும், அதற்கு விலையாக ஆண்டுதோறும் வரவேண்டிய வரியின் பெரும்பங்கு ஒருவர் இறக்கும் வரை அரசுக்கு இல்லை. கிரீமியாவை இழக்க வைத்த 1768–74 போர் முடிந்த மறு ஆண்டான 1775இல் அதையும் பங்குகளாகக் கூறுபோட்டு விற்றார்கள்.

விதை நெல்லை விற்றுச் சோறு வடித்த கதை இது. குத்தகை எடுத்த உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள் தங்களுக்கென்று படை வைத்துக்கொண்டார்கள். இன்றைய கிரீஸில் உள்ள யானினாவின் அலி பாஷா போன்றவர்கள் பெயருக்குத்தான் ஆளுநர்கள், நடைமுறையில் சிற்றரசர்கள். நேற்றைய போரின் செலவு, நாளைய கலகத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது.

பால்கன் மக்களின் தேசிய உணர்வுதானே பேரரசை உடைத்தது?

ஓரளவுக்கு. ஆனால் அதை மட்டும் சொல்பவர்கள் செர்பியாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பெல்கிரேடு மாகாணத்தில் ஜானிசாரிகளின் (சுல்தானின் பழைய நிரந்தரக் காலாட்படையினரின்) அட்டகாசம் தாங்காமல் சுல்தான் மூன்றாம் செலிம் அவர்களை அங்கிருந்து வெளியேற்றினார். ஆளுநர் ஹாஜி முஸ்தஃபா பாஷா நேர்மையாக ஆண்டார். 'செர்பியரின் தாய்' என்று அந்த முஸ்லிம் ஆளுநரைக் கிறிஸ்தவக் குடியானவர்கள் அழைத்தார்கள். 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். படை எல்லாப் பக்கமும் தேவைப்பட்ட அந்த நெருக்கடியில் ஜானிசாரிகள் பெல்கிரேடுக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். 1801இல் அந்த நல்ல ஆளுநரைக் கொன்றார்கள். 1804 தொடக்கத்தில் செர்பிய ஊர்த்தலைவர்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். அதன் பிறகுதான் செர்பியர் ஆயுதம் எடுத்தார்கள். அப்போதும் தாங்கள் சுல்தானுக்கு எதிரிகள் அல்லர், அவர் பெயரைக் கெடுக்கும் கொடியவர்களுக்கே எதிரிகள் என்றார்கள். 1830இல் செர்பியா தன்னாட்சி பெற்றது, 1878இல் முழு விடுதலை. எகிப்தில் நடந்த ஒரு படையெடுப்பின் விலையை தன்யூப் கரையில் கொடுக்க நேர்ந்தது.

ஜானிசாரிப் படையை ஒழித்தது உதவியதா?

ஒழிக்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் நேரம் மோசமாக அமைந்தது. 1826 ஜூனில் சுல்தான் இரண்டாம் மஹ்முது இஸ்தான்புல்லில் அவர்களுடைய பாசறைகளைப் பீரங்கியால் தகர்த்தார். பழைய படை போய்விட்டது, புதிய படை இன்னும் உருவாகவில்லை. கிரேக்கர்களின் விடுதலைப் போரில் தலையிட்டு, 1827 அக்டோபரில் நவரினோவில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூன்றின் கப்பல்களும் சேர்ந்து உதுமானிய, எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. 1829இல் ரஷ்யப் படை பழைய தலைநகரான எதிர்னே வரை வந்துவிட்டது. 1830இல் கிரீஸ் தனி நாடு.

கிரேக்கப் போரில் உதவிய எகிப்தின் ஆளுநர் முகம்மது அலி கூலியாக சிரியாவைக் கேட்டார். கிடைக்காததால் சுல்தான் மீதே படையெடுத்தார். 1839 ஜூனில் நிஸிப்பில் உதுமானியப் படை தோற்ற செய்தி தலைநகருக்கு வந்து சேருமுன் மஹ்முது இறந்துவிட்டார். சொந்த ஆளுநரை அடக்கவே அயல்நாட்டார் துணை தேவை என்ற நிலை. முகம்மது அலியின் வருமானத்தை முறிக்கும் நோக்கமும் கொண்ட 1838ஆம் ஆண்டு வணிக ஒப்பந்தத்தில், சுங்க வரியைத் தன் விருப்பப்படி உயர்த்தும் உரிமையை பிரிட்டனிடம் இஸ்தான்புல் இழந்தது. வருவாய்க்கான இன்னொரு கதவும் அடைபட்டது.

போரில் வென்றும் நிலம் இழந்தது உண்டா?

உண்டு. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் மனம் கனக்கும் பகுதி இதுதான்.

1853இல் தொடங்கிய கிரீமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் உதுமானியர் பக்கம் நின்றன. ரஷ்யா தோற்றது. 1856 பாரிஸ் உடன்படிக்கை உதுமானியரின் நில உரிமையை மதிப்பதாக உறுதி சொன்னது. ஏட்டளவில் வெற்றி. ஆனால் போருக்காக 1854இல் பேரரசு முதன்முறையாக வெளிநாட்டுக் கடன் வாங்கியது. 30 லட்சம் பவுண்டு, ஈடாக எகிப்து ஆண்டுதோறும் செலுத்திவந்த கப்பம். மறு ஆண்டே 50 லட்சம் பவுண்டு, பிரிட்டனும் பிரான்சும் பொறுப்பேற்க. வாங்கக் கற்றுக்கொண்ட பிறகு நிறுத்த முடியவில்லை. பழைய கடனின் வட்டிக்காகப் புதிய கடன் என்று இருபது ஆண்டுகள் ஓடின. 1875இல் அரசு வருவாயில் பாதிக்கும் மேல் கடனுக்கே போனது.

1874இல் விளைச்சல் பொய்த்தது. வரி குறையவில்லை. 1875 கோடையில் ஹெர்ஸகோவினாவில் வரி வசூலிப்பவர்களுக்கு எதிராகக் குடியானவர்கள் எழுந்தார்கள். அக்டோபரில் வட்டியை முழுதாகத் தர இயலாது என்று அரசு அறிவித்தது. 1876 வசந்தத்தில் பல்கேரியாவில் கிளர்ச்சி வெடித்தது. ஒழுங்கற்ற படைகளை ஏவி அதை அடக்கினார்கள். பதாக் என்ற ஊரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். ஐரோப்பா கொதித்தது, 1877 ஏப்ரலில் ரஷ்யா போர் தொடுத்தது. இம்முறை துணைக்கு யாரும் வரவில்லை. கிரீமியப் போரின் வெற்றிக்காக வாங்கிய கடன்தான் வரியாகி, வரி கலகமாகி, கலகம் இந்தப் போராகி நின்றது.

இன்னொன்று 1897. கிரீஸுடன் நடந்த போர் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிந்தது. உதுமானியப் படை தெசலியைக் கைப்பற்றியது. வல்லரசுகள் தலையிட்டு தெசலியைத் திருப்பித் தரச் செய்தன. எந்தத் தீவுக்காகப் போர் மூண்டதோ அந்தக் கிரீட் தன்னாட்சி பெற்றது. 1898இல் உதுமானியப் படை அங்கிருந்து வெளியேற்றப்பட்டது. ஆளுநராக வந்தவர் தோற்ற நாட்டு மன்னரின் மகன்.

1877–78 போரில் எவ்வளவு போனது?

பல்கேரியாவின் பிளெவ்னாவில் உதுமானியத் தளபதி உஸ்மான் பாஷா ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். எதிரிகளே அவரை மெச்சினார்கள். டிசம்பர் 10 அன்று உணவும் குண்டும் தீர்ந்து சரணடைந்தார். ரஷ்யப் படை இஸ்தான்புல்லின் விளிம்பில் இருக்கும் சான் ஸ்டெஃபானோவுக்கு வந்துவிட்டது. 1878 மார்ச்சில் அங்கு எழுதப்பட்ட உடன்படிக்கையை வல்லரசுகள் ஏற்காமல், பிஸ்மார்க் தலைமையில் பெர்லினில் கூடி ஜூலையில் திருத்தின.

செர்பியா, ருமேனியா, மான்டினீக்ரோ விடுதலை. பல்கேரியா தன்னாட்சி. கார்ஸ், அர்தஹான், பாட்டூம் ரஷ்யாவுக்கு. போஸ்னியா ஆஸ்திரியாவின் பிடிக்கு. ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலமும் ஐந்தில் ஒரு பங்கு மக்களும் ஒரே மேசையில் கைமாறினர்.

இதில் சைப்ரஸ் தனிக்கதை. ரஷ்யாவிடமிருந்து காப்பதாகச் சொல்லி பிரிட்டன் அந்தத் தீவின் நிர்வாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. தீவின் உபரி வருவாயாக ஆண்டுக்குச் சுமார் 92,800 பவுண்டை சுல்தானுக்குத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தப் பணம் இஸ்தான்புல்லுக்குப் போகவே இல்லை. 1855ஆம் ஆண்டுக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் போனது. கிரீமியப் போருக்கும் சைப்ரஸ் குடியானவருக்கும் என்ன உறவு? ஆனாலும் வறட்சியிலும் அவர்கள் அந்த வரியைக் கட்டினார்கள். 1927 வரை கட்டினார்கள்.

சண்டையே இல்லாமல் போன நிலங்களும் உண்டா?

அல்ஜீரியாவை பிரான்ஸ் 1830இல் எடுத்தது, துனிசியாவை 1881இல். எகிப்தை பிரிட்டன் 1882இல் பிடித்தது. அங்கெல்லாம் உள்ளூரில் இரத்தம் சிந்தியது, இஸ்தான்புல்லால் படை அனுப்ப முடியவில்லை. 1908 அக்டோபரில் இரண்டே நாளில் பல்கேரியா முழு விடுதலையை அறிவித்தது, ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. எல்லாம் முந்தைய போர்களில் பட்ட தளர்ச்சியின் விளைவு.

லிபியாவும் பால்கனும் ஒரே ஆண்டில் எப்படிப் போயின?

ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டது. 1911 செப்டம்பர் 29 அன்று இத்தாலி போர் அறிவித்து லிபியாவில் இறங்கியது. கடல் வழியை இத்தாலியக் கப்பற்படை அடைத்தது. நில வழியோ எகிப்து, அதுவும் பிரிட்டன் கையில். முஸ்தஃபா கமால், என்வர் போன்ற இளம் அதிகாரிகள் மாறுவேடத்தில்தான் எகிப்தைக் கடந்து போய்ச் சேர்ந்தார்கள். 1911 நவம்பர் 1 அன்று இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி லிபியாவில் விமானத்திலிருந்து குண்டு போட்டார். உலகில் போரில் விமானத்திலிருந்து குண்டு விழுந்த முதல் நாள் அது.

இந்த இயலாமையை பால்கன் நாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று வெறுத்த செர்பியா, பல்கேரியா, கிரீஸ், மான்டினீக்ரோ கைகோத்து 1912 அக்டோபரில் தாக்கின. இஸ்தான்புல் அவசரமாக லிபியாவை விட்டுக்கொடுத்து இத்தாலியோடு சமாதானம் செய்துகொண்டது. பயனில்லை. குமானோவோவில் இரண்டு நாளில் தோல்வி. நவம்பரில் சலோனிகா, சண்டையின்றி. ஐந்நூறு ஆண்டுகள் உதுமானிய நகரமாக இருந்தது அது, முஸ்தஃபா கமால் பிறந்த ஊர். எதிர்னே பட்டினியோடு தாக்குப்பிடித்து 1913 மார்ச்சில் விழுந்தது. பிறகு வென்றவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டபோது ஜூலையில் அதை மட்டும் மீட்டார்கள். ஐரோப்பாவில் எஞ்சியது அந்தத் துண்டுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் முதல் உலகப் போரில் இறங்கினார்கள்?

தனித்து நின்றால் கூறுபோட்டுவிடுவார்கள் என்ற அச்சம். அது வெறும் கற்பனை அல்ல, ஐம்பது ஆண்டு அனுபவம். பிரிட்டனோ பிரான்சோ சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. பொதுமக்களின் நன்கொடையும் சேர்த்து பிரிட்டனில் கட்டிய இரண்டு போர்க்கப்பல்களை 1914 ஆகஸ்டில் பிரிட்டன் தானே வைத்துக்கொண்டது. ஜெர்மனியோ தன் இரு கப்பல்களை அனுப்பிக் கொடுத்தது. அக்டோபர் 29 அன்று அவை ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கின.

ஆனாலும் இது தவிர்த்திருக்கக்கூடிய போர் என்றே நினைக்கிறேன். நடுநிலையாக நின்றிருந்தால் சிரியாவும் இராக்கும் நான்கே ஆண்டில் போயிருக்காது. சாரிகாமிஷ் மலைப் பனியில் 1914 டிசம்பரிலும் 1915 ஜனவரியிலும், அப்போது போர் அமைச்சராக இருந்த என்வர் ஒரு படையையே பலி கொடுத்தார். கலிப்போலியிலும் இராக்கின் கூத் நகரிலும் வென்றார்கள். வென்றும், 1917 மார்ச்சில் பாக்தாத், டிசம்பரில் ஜெருசலேம், 1918 அக்டோபரில் டமாஸ்கஸ் போயின. அக்டோபர் 30 அன்று முத்ரோஸில் போர்நிறுத்தம். அதற்குள் பிரிட்டனும் பிரான்சும் 1916இலேயே அரபு நிலங்களை வரைபடத்தில் பங்கிட்டு முடித்திருந்தன.

எல்லை நகர்ந்தபோது அங்கே வாழ்ந்த மக்கள் என்ன ஆனார்கள்?

கிரீமியாவிலிருந்து தாத்தாரியர், 1864இல் காகசஸ் மலைகளிலிருந்து சிர்காசியர், 1878இலும் 1912இலும் பால்கன் முஸ்லிம்கள் என்று லட்சக்கணக்கானோர் அலையலையாக வந்தார்கள். முஹாஜிர் என்பது அவர்களுக்குப் பெயர். டிராப்சன், சாம்சுன் துறைமுகங்களில் சிர்காசியர் காய்ச்சலிலும் பட்டினியிலும் இறந்தார்கள். 1912இல் இஸ்தான்புல்லின் பள்ளிவாசல்களில் அகதிகள் காலராவோடு படுத்திருந்தார்கள்.

வந்தவர்களின் வலி இருந்தவர்கள் மீது வன்மமாகத் திரும்பியது, ஆட்சியாளர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிஞர்களையும் தலைவர்களையும் கைது செய்ததில் தொடங்கி, ஆர்மீனிய மக்களை ஊர் ஊராகப் பெயர்த்து சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டார்கள். வழியில் கொலையும் பசியும். பல லட்சம் பேர் மாண்டார்கள். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதை இனப்படுகொலை என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படித்தான் அழைப்பேன். துருக்கி அரசு அந்தச் சொல்லை ஏற்கவில்லை. நிலத்தை இழந்த துயரம் எதுவும் இதற்கு நியாயம் ஆகாது.

1923இல் கிரீஸும் துருக்கியும் மக்களையே மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கு. அளவுகோல் மொழி அல்ல, மதம். துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரேக்க மொழி பேசிய கிரீட் முஸ்லிம்கள் துருக்கிக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். தாய்மொழியை இழப்பது என்றால் என்ன என்று அறிந்த எவரும் இந்த வரியை எளிதில் கடந்துபோக முடியாது.

நமக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கூத் முற்றுகையில் 1916 ஏப்ரலில் சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு மெசபொட்டேமியாவில் பணியாற்றியது. 1918 செப்டம்பரில் ஹைஃபாவைக் கைப்பற்றியவர்களில் மைசூர் குதிரைப்படையும் உண்டு. சுல்தானே உலக முஸ்லிம்களின் தலைவரான கலீஃபாவாகவும் கருதப்பட்டார்; போருக்குப் பின் அந்தக் கலீஃபாவின் நிலையைக் காக்க எழுந்த கிலாஃபத் இயக்கத்தில் மதராஸின் யாகூப் ஹசன் முன்னணியில் நின்றார். 1921இல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் வெடித்த கிளர்ச்சிக்கும் அந்த இயக்கத்தோடு உறவு உண்டு. கலீஃபா பதவியையோ 1924 மார்ச் 3 அன்று துருக்கிக் குடியரசே ஒழித்துவிட்டது.

கடைசியில் என்ன மிஞ்சியது?

1920 ஆகஸ்டில் செவ்ர் உடன்படிக்கை அனத்தோலியாவையும் துண்டாடியது. முஸ்தஃபா கமால் தலைமையில் அங்காராவில் கூடியவர்கள் அதை ஏற்கவில்லை. 1921இல் சக்காரியா ஆற்றங்கரையில் கிரேக்கப் படையைத் தடுத்து நிறுத்தி, 1922 செப்டம்பரில் இஸ்மீரை மீட்டார்கள். நவம்பர் 1 அன்று சுல்தான் பதவி ஒழிந்தது. 1923 ஜூலை 24 அன்று லொசான் உடன்படிக்கை. இன்றைய துருக்கியின் எல்லை பெரும்பாலும் அதுதான். பேரரசை விட்டுவிட ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்களால் நாட்டைக் காப்பாற்ற முடிந்தது.

அந்தக் கடன் என்ன ஆனது?

1881இல் கடன்காரர்களுக்காகவே இஸ்தான்புல்லில் ஒரு நிர்வாகம் அமைந்தது. உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு ஆகியவற்றின் வரியை ஐரோப்பியப் பிரதிநிதிகளின் மேற்பார்வையில் அது நேரடியாக வசூலித்தது. அதன் கட்டடம் இன்று ஒரு மேல்நிலைப் பள்ளி. லொசானில் பழைய கடனைப் பேரரசிலிருந்து பிரிந்த நாடுகளுக்கு இடையே பங்கிட்டார்கள். பெரும்பங்கு துருக்கியின் தலையில் விழுந்தது. போன நிலங்களைக் காக்க வாங்கிய அந்தக் கடனின் கடைசித் தவணையை துருக்கி 1954இல் கட்டியது. முதல் கடன் வாங்கி அப்போது சரியாக நூறு ஆண்டுகள்.